நிலத்தின் வழியே முன்னோரைத் தேடுவது

விவசாயக் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெயரில் தொடங்குகிறார்கள். அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால் மூன்று வீட்டிலும் அதே பெயரில் ஒரு பேரன் இருப்பான். குலசாமி பெயரும் சேர்ந்துகொண்டால் ஒரே தெருவில் நாலு கருப்பணன், மூன்று மாடசாமி. பெரும்பாலான வீடுகளில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்குப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் வீடுவாரியாகப் பெயரோடு கிடைக்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. கணக்கெடுப்பு இங்கேயும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நடக்கிறது. ஆனால் ஓர் ஊரில் எத்தனை தலை என்பதுதான் வெளியே வரும். யார் யார் என்பது வராது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தனியாள் விவரத்தைப் பார்வைக்குத் திறப்பதில்லை.

ஆனால் நிலத்துக்குத் தீர்வை கட்டியவனின் பெயரை எந்த அரசும் எழுதாமல் விட்டதில்லை. அதனால் இந்த அத்தியாயம் ஒரே ஒரு வழியைத்தான் சொல்கிறது. உங்கள் குடும்பம் உழுத ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். பெயர்கள் தாமாக வரிசையில் வந்து நிற்கும். ஓரிடத்தில் கோடு அறுபடும். அதற்கு முன்னால் உங்கள் குடும்பம் வேறு ஊரில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். தேடல் அந்த ஊருக்கு மாறும்.

வீட்டில் தொடங்குவது

அலுவலகத்துக்குப் போகும் முன் பெரியவர்களிடம் உட்காருங்கள். பதிவறைக் காகிதம் அடுத்த வருஷமும் இருக்கும். எண்பது வயதுப் பெரியம்மாவின் ஞாபகத்தை அப்படி நம்பியிருக்க முடியாது.

"நாம எந்த ஊர்லேர்ந்து வந்தோம்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் எல்லாரும் சொல்கிற ஒரு பதில்தான் கிடைக்கும். காட்டையும் மாட்டையும் பற்றிக் கேளுங்கள். எந்தக் காட்டுக்கு என்ன பெயர்? எந்தக் கிணற்றில் இறைத்தார்கள், முறை யார் யாருக்கு? மாடு எந்தச் சந்தையில் பிடித்தார்கள்? அப்பத்தாவை எந்த ஊரிலிருந்து கட்டி வந்தார்கள், அவரோடு பிறந்தவர்களை எங்கெங்கே கட்டிக்கொடுத்தார்கள்? இப்படிக் கேட்டால் ஊர்ப் பெயர்கள் கொட்டும். நிலத்தின் வழக்குப் பெயரைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பத்திரங்களில் சர்வே எண்ணோடு அந்தப் பெயரும் இருக்கும். சர்வே எண் மாறிப்போன இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

வருஷம் கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்ல வராது. நடந்த ஒன்றைச் சொல்லி அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர். காந்தி செத்தது 1948 ஜனவரி. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. "அண்ணா செத்தப்ப உங்க மூத்தவன் கைப்பிள்ளையா, நடந்தானா?" என்று கேட்டால் ஒரு வருஷத்துக்கு இப்படி அப்படி சரியான விடை வந்துவிடும்.

ஜாதக நோட்டும் பழைய ஓலையும் இருந்தால் அதில் தமிழ் வருஷம் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் கவனம் தேவை. தாது வருஷம் என்றால் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஜாதகத்தோடு ஒப்பிட்டால்தான் எது என்று முடிவாகும். கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலை 1ஆம் தேதி பிறக்கிறது. ஆகவே பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. சக ஆண்டோடு 78ஐக் கூட்டுங்கள். கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும்.

தகரப்பெட்டியைத் திறக்கும்போது எல்லாரும் பத்திரத்தைத்தான் தேடுவார்கள். மொய் நோட்டை ஓரமாக வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள். மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறை மொய் நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால். நீளவாக்கில் தைத்த நோட்டு, நாலு மூலையிலும் மஞ்சள், தலைப்பில் பிள்ளையார் சுழி. கீழே ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை. தாய்மாமன் மொய் முதலில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த ஊர்ப் பத்தி. அப்பா கல்யாண நோட்டில் வரும் ஊர்களைத் தனியாக எழுதுங்கள். அக்காள் காதுகுத்து நோட்டிலும் உங்கள் கல்யாண நோட்டிலும் இருப்பவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள். பழைய நோட்டில் பத்து வரி வந்த ஓர் ஊர் புதிய நோட்டில் ஒரே வரியாகத் தேய்ந்திருந்தால், அந்த ஊரோடுதான் உங்கள் குடும்பத்துக்குப் பழைய உறவு. பத்திரம் சொல்லாத பெண்வழிச் சொந்தத்தை இந்த நோட்டு சொல்லும்.

பத்திரத்தைப் படிப்பது

கையில் கிடைக்கும் மிகப் பழைய பத்திரத்தை நிதானமாக, வரி விடாமல் படியுங்கள். நிலம் வாங்குகிறவர் பார்ப்பது விஸ்தீரணத்தையும் தொகையையும். வம்சம் தேடுகிறவருக்கு மற்றதெல்லாம்தான் முக்கியம்.

எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் விலாசத்தில் தகப்பனார் பெயர் இருக்கும். பழைய பத்திரமானால் சாதியும் ஜீவனமும் இருக்கும். விலாசத்தில் ஓர் ஊரைச் சொல்லி, தற்போது இன்ன ஊரில் வசிக்கும் என்று தொடர்ந்தால் இடப்பெயர்ச்சிக்கு அதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. அந்த வரிக்குக் கோடு போட்டு வையுங்கள்.

அடுத்து, சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் இடம். பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டது என்றிருந்தால் எழுதிக்கொடுப்பவரின் அப்பாவோ தாத்தாவோ அதே ஊரில் நிலம் வைத்திருந்தார். சுயார்ஜிதம் என்றிருந்தால் எந்த ஆண்டு, எந்தப் பத்திர எண்ணில் வாங்கினார் என்பதும் கூடவே இருக்கும். அந்த எண்தான் உங்கள் அடுத்த படி.

கிணற்றுப் பாத்தியத்தைப் பற்றிய வரியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிணற்றில் 12இல் 1 பங்கு என்று எழுதியிருக்கும். நிலத்தைக் கூறு போட்டு வேலி கட்டலாம். கிணற்றைக் கூறு போட முடியாது. ஆகவே ஒவ்வொரு பாகப்பிரிவினையிலும் கிணற்றுப் பங்கு பின்னமாகிக்கொண்டே போகும். 4இல் 1 என்றால் நாலு பங்காளிகள். அதற்குள் மூன்று மகன்கள் பிரிந்தால் 12இல் 1. ஒரே கிணற்றில் பங்குள்ள எல்லார் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பின்னங்களைக் கூட்டிப் பாருங்கள். முழு எண் வந்தால் அந்தக் கிணற்றை வெட்டியவரின் பிள்ளைகளும் பேரன்களும் எத்தனை பேர் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இடையில் ஒருவர் பங்கை வெளியாளுக்கு விற்றிருக்கலாம். அந்தக் கிரயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த வம்சாவளிப் பட்டியலும் இவ்வளவு நேர்மையாக இருக்காது. பட்டியலில் பிடிக்காதவர் பெயரை விட்டுவிடலாம், தண்ணீர் முறையில் விட முடியாது.

செக்குபந்தியில் நாலு பக்கத்து நிலக்காரர்களின் பெயர் வரும். பாகம் பிரித்த நிலத்தில் பக்கத்து நிலம் பெரும்பாலும் அண்ணன் தம்பியுடையது. மூன்று பக்கமும் ஒரே தகப்பனார் பெயருள்ளவர்கள் இருந்தால் அது ஒரு காலத்தில் ஒரே தாக்கு. நாலு பக்கமும் சம்பந்தமில்லாதவர்கள் இருந்தால் உங்கள் ஆள் வெளியிலிருந்து வந்து வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

சாட்சிகள் யார் என்று பாருங்கள். மைத்துனரும் சம்பந்தியும்தான் பெரும்பாலும் சாட்சி போட்டிருப்பார்கள், அவரவர் ஊரோடு. மைனர் பையனுக்காகத் தாயார் கார்டியனாகக் கையெழுத்திட்ட பத்திரம் கிடைத்தால் அது அரிய பொருள்: ஒரு விதவையின் பெயரும், அவள் கணவர் இறந்துவிட்டார் என்ற செய்தியும், பையனின் உத்தேச வயதும் ஒரே இடத்தில். முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். தாள் விற்றவர் வாங்கியவரின் பெயர், ஊர், தேதியை எழுதியிருப்பார்.

பெண்களைத் தேட விடுதலைப் பத்திரம்தான் சிறந்த இடம். அண்ணன் தம்பிகளுக்குப் பங்கை விட்டுக்கொடுத்து அக்காள் தங்கைகள் எழுதிக்கொடுத்தது அது. ஒவ்வொருத்தியும் எந்த ஊரில் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது அதில் வரிசையாக இருக்கும். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்த பிறகு இந்தப் பத்திரங்களின் தேவை கூடியது. உரிமை கைக்கு வந்ததும் அதை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்பது வருத்தமான விஷயம். ஆனாலும் அத்தைமார் பெயரெல்லாம் ஏறியிருப்பது அங்கேதான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில்

100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான நிலக் கிரயம் பதிவாக வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சட்டம். பதிவு 1860களில் தொடங்கியது. ஆகவே கோட்பாட்டளவில் 150 ஆண்டுக்கு மேல் பின்னால் போகலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பல அலுவலகங்களுக்கு 1970களின் நடுப்பகுதியோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தியதற்கு நேரில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவு என்று தேடுதல் கட்டணம் உண்டு.

ஒன்றாம் புத்தகத்தில் நிலம் சம்பந்தமான பத்திரங்கள் ஏறும். அதற்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று பெயர்வாரி, மற்றது சொத்துவாரி. சட்டப்படி இந்த அட்டவணையை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். இந்தத் தேடலுக்குச் சொத்துவாரி அட்டவணையே ஏற்றது. கிராமமும் சர்வே எண்ணும் போதும். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். இறந்து 80 ஆண்டு ஆனவரின் உயிலைக் கேட்கத் தயங்குகிறவர்கள் உண்டு. தயங்க வேண்டாம்.

உங்கள் ஊர் இன்று எந்தப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. 100 ரூபாய்க்குக் குறைந்த கைமாற்றம் பதிவாகியிருக்க வேண்டியதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். புஞ்சைக்காட்டில் அப்படிப்பட்டவை ஏராளம்.

வருவாய்த் துறைப் பதிவேடுகள்

இங்கே ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். இன்றைய கணினிப் பட்டாவில் தொடங்குங்கள். பல வீடுகளில் பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே கிடக்கும். மாற்றாமல் விட்டது உங்களுக்கு ஒரு வகையில் நல்லது. அதற்கு அடியில் யு.டி.ஆர். பதிவேடு, 1979 முதல் 1987 வரை நடந்த பட்டா மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதியது. அவசரத்தில் எழுதியதால் பெயர்ப் பிழைகளும் விட்டுப்போன கூட்டுப் பட்டாதாரர்களும் அதில் மிகுதி. அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். அதற்கும் அடியில் மறுநிலவரித் திட்டப் பதிவேடு, அதற்கும் கீழே முதல் நிலவரித் திட்டப் பதிவேடு. பெரும்பாலான மாவட்டங்களில் முதல் அளவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்தது. சர்வே எண் வருவதற்கு முந்திய காலத்துக்குப் பைமாஷ் எண்தான் வழி. பழைய பத்திரத்தில் இரண்டு எண்ணும் சேர்ந்து இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம்.

கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், மாவட்ட ஆட்சியரகப் பதிவறை என்று இந்த வரிசையில் கேளுங்கள். கர்ணமும் மணியக்காரரும் வைத்திருந்த கணக்குகளில் ஒரு பகுதி, 1980இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கைமாறியது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் சர்வே எண்ணைக் குறித்து மனுப் போட்டால் பதிவேட்டின் நகலைத் தருகிறார்கள். "என் குடும்ப வரலாறு வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இன்ன பதிவேடு என்று எழுத வேண்டும். பழைய அடங்கல் நகலும் கேளுங்கள். எந்தப் பசலியில் எந்த நிலத்தில் என்ன வெள்ளாமை, எதிலிருந்து பாய்ச்சல் என்பது அதில் இருக்கும். கொள்ளுத்தாத்தா ஒரு வருஷம் சோளமும் மறுவருஷம் பருத்தியும் போட்டார் என்று அரசாங்கக் கணக்கிலேயே படிக்கும்போது வருகிற நெகிழ்ச்சியை வேறு எந்த ஆவணமும் தராது.

ஜமீன் கிராமமென்றால் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த செட்டில்மென்ட் விசாரணைக் கோப்புகள் முக்கியம். குடிகள் தங்கள் அனுபவ பாத்தியத்தைச் சொல்லி நிரூபித்தது அவற்றில் இருக்கும். இனாம் கிராமமென்றால் 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இனாம்தாரரின் வாரிசு வரிசை அவற்றில் வரும்.

மாவட்டம் மாறிய கதையையும் தெரிந்துகொண்டு போங்கள். 1956இல் 13ஆக இருந்த மாவட்டங்கள் இன்று 38. ஈரோட்டுப் பக்கத்துப் பழைய கோப்பு கோயம்புத்தூர் என்ற தலைப்பில் இருக்கும், விருதுநகருடையது ராமநாதபுரம் அல்லது திருநெல்வேலி என்று. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தப் பகுதிக்குத் திருவனந்தபுரத்துக் காப்பகத்தையும் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரையும் தேட வேண்டியிருக்கும்.

நிலமில்லாத உழவர்கள்

உழுதவர்களில் பெரும்பகுதியினருக்கு நிலம் இல்லை. அவர்கள் வம்சம் பட்டாவில் இராது என்பதற்காகத் தேட முடியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குத்தகை உழுதவர்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தயாரான குத்தகை உரிமைப் பதிவேடு இருக்கிறது. தலித் குடும்பங்கள் 1892 அரசாணைக்குப் பின் நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலங்களின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பஞ்சமி நிலம் என்று இன்று போராடிக் கேட்பது அதைத்தான். முதல் ஒப்படைதாரர் யார் என்பது வம்சத் தேடலுக்கும் நில மீட்புக்கும் ஒரே சமயத்தில் பயன்படும். பண்ணையாள் கடன்சீட்டுகள் பண்ணையார் வீட்டுக் காகிதங்களோடு கிடக்கும். அவற்றில் அப்பனும் மகனும் ஒரே கடனுக்குப் பெயர் கொடுத்திருப்பதைப் பார்க்க மனம் தாங்காது. பார்க்கத்தான் வேண்டும். இந்தக் குடும்பங்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், கிறிஸ்தவர்களாக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் பட்டாவைவிடப் பழைய சாட்சியாக இருக்கக்கூடும்.

கோடு அறுபடும் இடம்

ஒரு நாள் பதிவேட்டில் உங்கள் ஆளுக்கு முன்னால் வேறு யாரோ இருப்பார். உங்கள் ஆள் எப்போது வந்தார் என்பது தெரிந்தால் எங்கிருந்து வந்தார் என்பதை ஊகிக்கலாம். விவசாயி காரணமில்லாமல் மண்ணை விட்டு நகர்வதில்லை.

முதல் காரணம் தண்ணீர். 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரை, மேலூர் பக்கத்திலும் சாகுபடி விரிந்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. புது ஆறு என்று தஞ்சாவூரார் சொல்லும் கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களை நஞ்சையாக்கியது. 1950களில் கீழ்பவானி வாய்க்கால் வந்தது. உங்கள் குடும்பத்தின் முதல் கிரயம் இந்த ஆண்டுகளை ஒட்டி இந்த ஆயக்கட்டுகளில் இருந்தால், பக்கத்து மானாவாரித் தாலுகாக்களை முதலில் பாருங்கள்.

இரண்டாவது பஞ்சம். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார்கள்; கடல் தாண்டியும் போனார்கள். உங்கள் ஊரில் 1880க்கு முன் தடம் இல்லை, அதன் பிறகு திடீரென்று வருகிறது என்றால் இதை மனத்தில் வையுங்கள்.

மூன்றாவது கடன். ஊரை விட்டுப் போன குடும்பத்தின் கடைசிப் பதிவு பெரும்பாலும் ஒத்தியாகவோ அடமானமாகவோ கோர்ட்டு ஏலமாகவோ இருக்கும். 1930களின் விலைச் சரிவில் இது கூட்டம் கூட்டமாக நடந்தது. 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தபோது கடனைக் குறைக்கக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனவர்களின் மனுக்களில் வாங்கிய கடனும் அதன் வரலாறும் விரிவாக இருக்கும்.

நான்காவது கல்யாணம். மாமனாருக்கு ஆண் வாரிசு இல்லாமல் மாப்பிள்ளை அந்த ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அப்படியானால் நிலத்தின் கோடு பெண்வழியாகப் போகும், குலசாமி ஆண்வழியாகப் போகும். இரண்டும் இரண்டு ஊரைக் காட்டும். குழம்பாதீர்கள், இரண்டும் உண்மை.

குலசாமி கோயில்தான் பழைய ஊரைக் காட்டும் அடுத்த சாட்சி. இருக்கிற ஊரில் கோயில் இல்லாமல் சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ வண்டி கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறீர்களென்றால், அந்த ஊர் ஏறக்குறைய உறுதியாக உங்கள் முன்னோர் இருந்த ஊர். உள்ளூரிலேயே கோயில் இருந்தால் அது பிடிமண் கோயிலா என்று கேளுங்கள். தாய்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து பீடம் போட்டிருந்தால், எந்த ஊர் மண் என்பது பூசாரி வீட்டுக்குத் தெரியும். கொங்குப் பகுதியில் கூட்டத்தின் பெயரும் காணிக் கோயிலும் இதே வேலையைச் செய்யும்.

திருவிழா அன்றைக்கே போங்கள். தலைக்கட்டு வரி எழுதும் நோட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வரி கட்டும் அத்தனை பேரும் பங்காளிகள். எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பது அதில் இருக்கும். அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இராது. மொய் நோட்டில் மாமன் மச்சானாக வருகிற ஒருவர் இந்த நோட்டிலும் இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது, திரும்பப் பாருங்கள்.

பெரியவர்கள் சொல்லும் பூர்வீகக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகப் புறப்பட்டோம், ஆறு வழிவிட்டது என்ற கதை எத்தனையோ சாதிகளில் இருக்கிறது. 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேட்டிலும், 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் இப்படிப்பட்ட கதைகள் அச்சேறின. பிறகு வந்த சாதி வரலாற்றுப் புத்தகங்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டன. ஆகவே தாத்தா சொன்னது அவர் தாத்தா சொன்னதா, புத்தகத்தில் படித்ததா என்று பிரிப்பது கடினம். கதையைச் சொன்னவர் வாக்கிலேயே, யார் எப்போது சொன்னார் என்பதோடு எழுதுங்கள். வம்சாவளிப் படத்தோடு மட்டும் ஒட்டாதீர்கள். சோழ மன்னனோடு கோடு இழுத்துச் சேர்த்துவிட்டால், காட்டைத் திருத்திக் கிணறு வெட்டிய ஐந்தாம் தலைமுறைத் தாத்தாவை யாரும் தேடமாட்டார்கள். எனக்கு அவர்தான் பெரியவர்.

கடல் தாண்டிப் போனவர்கள்

குடும்பத்தில் ஒரு கிளை காணாமல் போயிருந்தால் அது கப்பல் ஏறியிருக்கலாம். இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணி ஆள் கட்டி அழைத்துப் போனார். கங்காணி பெரும்பாலும் தன் ஊர், தன் சொந்தம், பக்கத்து ஊர் என்றுதான் ஆள் திரட்டுவார். ஆகவே தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும் கங்காணியின் ஊர் தெரிந்தால் தேடல் பாதி முடிந்தது. 1964 சிரிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் 5,25,000 பேர். அப்படி வந்த வீடுகளில் குடும்ப அட்டை பெரும்பாலும் இன்னும் இருக்கும். கிழிந்திருந்தாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரின் கப்பல் பட்டியல்கள், 1903இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியே பிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டுகள், மொரிஷியஸ் மகாத்மா காந்தி நிறுவனத்திலுள்ள குடியேற்ற ஆவணங்கள் ஆகியவற்றில் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் வருகின்றன. உடம்பிலுள்ள தழும்பு, மச்சம்கூடச் சிலவற்றில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஒரு சாதாரண உழவரைப் பற்றி இவ்வளவு விவரம் உள்ளூர்ப் பதிவேடு எதிலும் கிடையாது.

ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதை உரக்க நாலைந்து விதமாகச் சொல்லிப் பாருங்கள். பிறகு அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை 1951 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் எடுத்து, ஒலி ஒத்துவரும் ஊர்களைக் குறியுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும். சாதியும் குலசாமியும் அவற்றைக் குறைக்கும். மிஞ்சும் ஊர்களின் பழைய நிலவரிப் பதிவேட்டில் தகப்பனார் பெயரைத் தேடுங்கள். போனவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பி பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தச் சர்வே எண்ணுக்கு இன்று பட்டா யார் பெயரில் என்று பார்த்துவிட்டால் வீடு தெரிந்துவிடும்.

அந்த வீட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய் நிற்காதீர்கள். நாலு தலைமுறை கழித்துப் பங்காளி என்று ஒருவர் வந்தால் பாகம் கேட்டு வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். ஊரில் மரியாதையுள்ள ஒருவர் மூலம் சொல்லி அனுப்புங்கள். நிலத்தில் பாத்தியம் எதுவும் கேட்கவில்லை, பெரியவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளத்தான் வருகிறோம் என்பதை அவர் வாயால் சொல்ல வையுங்கள். போகும்போது நீங்கள் திரட்டிய பத்திர நகல்களில் ஒரு படியைக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும்.